பெரட்டு நேரம்

1901 நவம்பரில் ஃபிராங்க்ஃபர்ட் மனநல மருத்துவமனைக்கு வந்த 51 வயது அவுகுஸ்ட டேட்டரிடம் டாக்டர் அலாய்ஸ் அல்சைமர் பெயர் கேட்டார். அவுகுஸ்ட என்றார். குடும்பப் பெயர்? அவுகுஸ்ட. கணவர் பெயர்? அதற்கும் அவுகுஸ்ட. 1903-இல் அல்சைமர் மியூனிக் போய்விட்டார். 1906 ஏப்ரலில் அவுகுஸ்ட இறந்ததும் அவருடைய மூளை மட்டும் மியூனிக் போய்ச் சேர்ந்தது. 1910-இல் நோய்க்கு டாக்டரின் பெயர் வந்தது.

இது பலருக்கும் தெரிந்த கதைதான். நான் தாதி, எனக்கு உறுத்துவது வேறு. இடையில் இருந்த அந்த நாலரை வருஷமும் அவுகுஸ்டவுக்குச் சோறு ஊட்டியது யார்? ராத்திரியில் அவர் கத்தும்போது பக்கத்தில் உட்கார்ந்தது யார்? நமக்குச் சொல்லப்படும் வரலாற்றில் அவர்களுக்குப் பெயரே இல்லை.

பராமரிப்பவர்களுக்கும் ஏதாவது கற்றுத்தர வேண்டும் என்ற எண்ணம் ரொம்பத் தாமதமாகத்தான் வந்தது. 1958-இல் அமெரிக்காவின் டொபீகா நகரில், முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனையில் ஜேம்ஸ் ஃபால்சம் ‘ரியாலிட்டி ஓரியன்டேஷன்’ என்ற முறையைத் தொடங்கினார். இன்று என்ன கிழமை, இது எந்த ஊர், அடுத்த சாப்பாடு என்ன என்றெல்லாம் பலகையில் எழுதி வைப்பார்கள். வார்டு ஊழியர் அதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். இதை இன்று கேலி செய்வது சுலபம். ஆனால் கூலிக்குப் படுக்கை மாற்றிக் கொண்டிருந்தவரிடம், ‘நீ பேசுவதும் சிகிச்சைதான்’ என்று சொன்ன முறை இது. போகப் போக அது திருத்தும் வேலையாகிவிட்டது. அம்மாவைத் தேடும் எண்பது வயதுக்காரரிடம் ‘உங்கம்மா செத்துட்டாங்க’ என்று நாளுக்கு நாலு முறை சொல்வது எந்த ஊர்ச் சிகிச்சை?

1963-இல் கிளீவ்லாண்ட் முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்த சமூகப் பணியாளர் நவோமி ஃபெயில் இதைத்தான் கேட்டார். திருத்தாதே, அந்த உணர்ச்சியோடு கூடப் போ என்றார். அதற்கு ‘வேலிடேஷன்’ என்று பெயர் வைத்தார். ஆய்வுச் சான்று குறைவான முறைதான். ஆனாலும் விடியற்காலை நாலு மணிக்கு எனக்குக் கைகொடுத்தது அதுதான்.

எங்கள் இல்லத்தில் ஒரு பாட்டி நாலு மணிக்கு எழுந்து பால்வெட்டும் கத்தியைத் தேடுவார். ‘பெரட்டுக்கு நேரமாச்சு, விடுடி!’ அவர் இருந்த தோட்டம் இன்று வீடமைப்புப் பகுதி. அதைச் சொன்னால் அடிக்க வருவார். ஒருநாள், ‘உங்க நிரையில எத்தன மரம் பாட்டி?’ என்றேன். உட்கார்ந்துவிட்டார். மங்கு, ஒட்டுப்பால், கங்காணியின் ஏச்சு என்று விடியும்வரை பேசினார்.

1997-இல் வந்த டாம் கிட்வுட்டின் நூல், பராமரிப்பவர்கள் கெட்ட எண்ணமில்லாமலே ஒரு மனிதரைக் கரைக்கும் 17 வழிகளை வகைப்படுத்தியது. ஏமாற்றி மருந்து கொடுப்பது, அவசரப்படுத்துவது, அவர் இல்லாததுபோல் அவர் தலைக்கு மேலேயே பேசுவது. அவர் குழு உருவாக்கிய முறையில், பயிற்சி பெற்றவர் ஓரமாக உட்கார்ந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அந்த நோயாளிக்கு என்ன நடக்கிறது என்று குறிப்பார். ஒரு காலைப்பொழுது முழுக்க யாருமே தன் பெயரைச் சொல்லிக் கூப்பிடாத ஆளை அந்தத் தாள் காட்டிக் கொடுத்துவிடும்.

ஜப்பான் 2004-இல் இந்த நோயின் பழைய பெயரையே மாற்றியது. அதில் ‘மடமை’ என்ற பொருள் ஒட்டிக் கொண்டிருந்தது. மறு ஆண்டே பொதுமக்களுக்கு 90 நிமிடப் பயிற்சி தொடங்கியது. இங்கே மலாயில் ‘ஞாஞுக்’, தமிழில் ‘புத்தி பேதலிச்சிருச்சு’. நாம் இன்னும் சொல்லையே தாண்டவில்லை.

இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. இந்த நோயில் பின்னால் கற்ற மொழி பெரும்பாலும் முதலில் போகும். பாட்டிக்கு மலாய் போய்விட்டது, தோட்டத்துத் தமிழ் மட்டும் மிச்சம். இரவு வேலையில் இருப்பதோ சுராபாயாவிலிருந்து வந்த பெண். எனக்குக் கிடைத்த பயிற்சித் தாள் எதிலும் ‘பெரட்டு’ இல்லை.

அவளுக்காக ஒரு நோட்டில் சொற்களை எழுதி வருகிறேன், பக்கத்தில் மலாயில் விளக்கம். போன வாரம் ராத்திரி போன் செய்தாள். பாட்டி தலையணையைத் தூக்கி வைத்துக்கொண்டு ‘ஆயக்கொட்டாய்’ போகணும் என்கிறாராம், அது எந்த இடம் என்று கேட்டாள். வேலைக்குப் போகும்போது பிள்ளையை விட்டுப்போகும் இடம் என்றேன். போனை வைக்காமலே அவள் கையை நீட்டிப் பாட்டியிடம் தலையணையை வாங்கிக்கொண்ட சத்தம் கேட்டது.