தொழில் கத்துக்கிட்டதும் கிளம்பிடுறாங்க... இன்ஜினியரிங் கம்பெனிகள் ஆட்களை தக்க வைப்பது எப்படி?

பம்ப், மோட்டார், வெட் கிரைண்டர், வார்ப்படம் எனப் பெயர் வாங்கிய ஊர் கோவை. அங்கே சின்ன ஒர்க்‌ஷாப் நடத்துபவர்களின் பொதுவான புலம்பல் இதுதான்: ஆள் கிடைக்குது, வேலை தெரிஞ்ச ஆள்தான் கிடைக்கல. சொல்லிக் கொடுத்து தயார் பண்ணினாலும் பக்கத்து கம்பெனிக்குப் போயிடுறாங்க. இதுக்கு என்ன வழி? பார்க்கலாம்.

யாருக்கு இவ்வளவு டிமாண்ட்?

சிஎன்சி மெஷினில் பீஸை மாட்டி ஓட்டும் ஆபரேட்டர் வேலையை சில மாதங்களில் பழகிடலாம். ஆனால் டிராயிங்கைப் படித்து, டூலைத் தேர்வு செய்து, ஆஃப்செட் போட்டு, முதல் பீஸை அளந்து சரிபார்க்கும் 'செட்டர்' ஆக சில வருஷங்கள் தேவை. ஆஃப்செட்டில் ஒரு புள்ளி மாறினால் டூல் போய் சக்கில் மோதும். ஸ்பிண்டில் வரை பழுதாகலாம். அதனால், செட்டர் திடீரென விலகினால் மெஷின் நின்றுவிடும். அதற்கு வாங்கிய கடனின் இஎம்ஐ நிற்காது.

பாண்ட் எழுதி வாங்கினால் போதுமா?

வேலையை விட்ட பிறகு போட்டி கம்பெனியில் சேரவே கூடாது என்ற நிபந்தனை, 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவின்படி செல்லாது. குறிப்பிட்ட காலம் வேலை பார்க்க வேண்டும் என்ற பாண்ட் வேறு விஷயம். 3 ஆண்டுகளுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்ற விஜயா வங்கியின் நிபந்தனை செல்லும் என 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால், அது பொதுத்துறை வங்கியின் ஆள்சேர்ப்புச் செலவையும் நடைமுறையையும் கணக்கில் எடுத்துச் சொன்ன தீர்ப்பு. எல்லா பாண்டுக்கும் அப்படியே பொருந்தும் என நினைத்துவிடக் கூடாது.

இன்னொரு சிக்கலும் இருக்கு. 2, 3 வருஷ பாண்ட் முடியும் நேரத்தில்தான் ஒருவர் முழுசா தொழில் கற்றிருப்பார். கம்பெனிக்கு அவர் அதிகம் தேவைப்படும்போது கெடு முடிந்துவிடும்.

ஆட்களை எங்கே பிடிப்பது?

ஐடிஐ முடித்தவர்களை அப்ரண்டிஸாக எடுப்பது நல்ல வழி. 30 பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் நிறுவனங்கள் அப்ரண்டிஸ் எடுப்பது கட்டாயம். 4 முதல் 29 பேர் வரை இருந்தால் விருப்பம். தேசிய பயிற்சி ஊக்குவிப்புத் திட்டத்தில் உதவித்தொகையின் 25 சதவீதத்தை, மாதம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசு ஏற்கிறது. பயிற்சி முடிந்ததும் வேலை உண்டா, சம்பளம் எவ்வளவு என்பதை முதல் நாளே சொல்லிவிட்டால் பாதி பேர் வெளியே தேட மாட்டார்கள்.

எதைச் செய்தால் தங்குவாங்க?

செட்டர் வேலையைப் பார்ப்பவருக்கு இன்னும் டிரெயினி சம்பளமே போட்டால் அவர் கிளம்பத்தான் செய்வார். ஆபரேட்டர், செட்டர், புரோகிராமர் எனப் படிகளைப் பிரித்து, எந்த வேலை தெரிந்தால் எவ்வளவு சம்பள உயர்வு என எழுதி ஒட்டிவிடலாம். ஓவர்டைமுக்கு இரண்டு மடங்கு சம்பளம், பிஎஃப், இஎஸ்ஐ எல்லாம் சட்டப்படி சேர வேண்டியவை. இவற்றில் கை வைத்தால் நம்பிக்கை போய்விடும்.

தொழிலாளி கவனிக்க வேண்டியது

10 பேர் அல்லது அதற்கு மேல் உள்ள நிறுவனத்தில் 5 ஆண்டுகள் முடித்தால் பணிக்கொடை உண்டு. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 20,800 ரூபாய் என்றால், ஓர் ஆண்டுக்கு 12,000 வீதம் 60,000 ரூபாய் வரும். மாதம் 1,000 ரூபாய் கூடுதலாகக் கிடைக்கிறதே என நாலாவது வருஷத்தில் மாறினால், புது இடத்தில் வருஷத்துக்குக் கிடைப்பது அதே 12,000 ரூபாய்தான். கையில் வரவிருந்த 60,000 போய்விடும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில், குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் வேலை செய்பவர்களுக்கு ஓர் ஆண்டு முடித்தாலே பணிக்கொடை உண்டு.

கம்பெனி மாறும் முன் இந்தக் கணக்கைத் தொழிலாளி போட்டுப் பார்க்கணும். இதே கணக்கைத் தன் ஆட்களுக்கு எடுத்துச் சொல்வது முதலாளிக்கும் லாபம்தான்.