மைதானத்துக்குப் போகும் நகங்கள்: எந்த நிறம் பூசலாம்?

ஆடி மாதம் வேலணையில் கச்சான் காற்று வீசும்போதே வெளிநாட்டுச் சொந்தங்களும் வந்து இறங்கத் தொடங்கிவிடுவார்கள். அவர்களுடைய சூட்கேஸுக்குள் சொக்லேட், சென்ற் போத்தல், கோடாலித் தைலத்தோடு நாலைந்து கியூட்டெக்ஸ் போத்தல்களும் இருக்கும். வருடத்தின் அதே பகுதியில்தான் பாடசாலைகளின் வலய, மாகாண மட்டப் போட்டிகளும் கழகங்களின் சுற்றுப்போட்டிகளும் நடக்கின்றன. வலைப்பந்து விளையாடும் என் பெறாமகளும் அவளுடைய அணிப் பிள்ளைகளும் என்னிடம் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "சித்தி, மட்ச்சுக்கு எந்தக் கலர் பூசினா ஏச்சு விழாது?"

எது வடிவு என்று அவர்கள் கேட்பதில்லை. காணி விடுவிப்பு, காணாமல் ஆக்கப்பட்டோர் என்று எழுதிக்கொண்டிருக்கிற நான் நகப்பூச்சைப் பற்றி எழுத உட்கார்ந்ததற்கு அந்த ஒரு சொல், 'ஏச்சு', போதுமான காரணம்.

முதலில் விதியைப் பார்ப்போம். வலைப்பந்தின் சர்வதேச விதிகளின்படி வீராங்கனையின் நகங்கள் கட்டையாகவும் மழமழப்பாகவும் இருக்க வேண்டும், நகைகளும் அணியக்கூடாது. போட்டி தொடங்குமுன் நடுவர் கைகளை நீட்டச் சொல்லிப் பார்ப்பது இதற்காகத்தான். பந்துக்குக் கை பாயும்போது எதிரணிப் பிள்ளையின் கண்ணோ கன்னமோ கிழிபடக்கூடாது. நிறத்தைப் பற்றி அந்த விதி எதுவும் சொல்லவில்லை. 2018 இல் சிங்கப்பூரில் இலங்கை ஆசிய வலைப்பந்துக் கிண்ணத்தை வென்றபோது அந்த அணியில் யாழ்ப்பாணத்தின் தர்ஜினி சிவலிங்கம் இருந்தார். அவரைப் போலக் கோல் போட ஆசைப்படுகிற பிள்ளைக்கு நகத்தைக் கட்டையாக வெட்டச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு: பந்து கையை விட்டுப் போவது விரல் நுனியால். நகம் நுனிச் சதையைத் தாண்டினால் அந்தப் பிடி கெட்டுவிடும்.

ஓட்டப் போட்டிகளில் இந்தக் கட்டுப்பாடு இல்லை. 1988 சியோல் ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் வென்ற அமெரிக்காவின் புளோரன்ஸ் கிரிபித் ஜோய்னர் நீண்ட, பல வர்ண நகங்களோடுதான் ஓடினார். அதே வருடம் ஜூலையில் 100 மீற்றரை 10.49 விநாடிகளில் ஓடி அவர் வைத்த உலக சாதனை இன்றும் முறியடிக்கப்படவில்லை.

இனி நிறம். கடைக்காரர்கள் 'அடக்கமான கலர்' என்று ஒரு வரிசையைக் காட்டுவார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிப்பதில்லை. எங்கள் ஊரில் அடக்கம் என்பதற்கு வேறு பொருளும் உண்டு. மெல்லிய நிறம் என்று சொல்வோம். வெளிநாட்டிலிருந்து வருகிற போத்தல்களில் 'நியூட்' என்று எழுதியிருப்பவற்றில் பல வெள்ளைத் தோலுக்கு ஏற்றவை. அந்த வெளிறிய இளஞ்சிவப்பு எங்கள் மாநிறக் கைகளில் சோக்கட்டி பூசியது போலத் துருத்திக்கொண்டு நிற்கும். மெல்லியதாகத் தெரிய வேண்டுமென்றால் நகத்தைச் சுற்றியுள்ள தோலின் நிறத்துக்குக் கிட்டப் போக வேண்டும்: பால் தேத்தண்ணி நிறம், பனங்கட்டி நிறம், மண் கலந்த ரோசா. இன்னும் கறுத்த கைக்குக் கோப்பி நிறமும் கத்தரிக்காய்த் தோலின் நிறமும் அருமையாக இருக்கும். சந்தேகமாக இருந்தால் பெருவிரலில் ஒரு கோடு இழுத்து, கடை வெளிச்சத்தில் பார்க்காமல் வாசலுக்கு வந்து வெயிலில் பாருங்கள்.

மெல்லிய நிறத்தில் விளையாட்டுக்கென்று ஒரு வசதியும் இருக்கிறது. பந்து பட்டு, மணல் உரசி, பூச்சு நுனியில் உரியத்தான் போகிறது. கடுஞ்சிவப்பு உரிந்தால் பார்வையாளர் பக்கத்திலிருந்தே தெரியும்; தோல் நிறம் உரிந்தால் பூசியவளுக்கு மட்டும்தான் தெரியும். தூய வெள்ளையை நான் யாருக்கும் சொல்வதில்லை. வெயிலில் அது மஞ்சளாகிவிடும், சாட்டிக் கடற்கரைக்கு ஒரு நாள் போய்வந்தால் அழுக்காகிவிடும். நிறமே வேண்டாம் என்று வீட்டில் சொன்னால் நிறமற்ற பூச்சு ஒன்றைப் பூசலாம். நகம் பளபளக்கும், யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள்.

பூசும் முறைக்கு வருவோம். போட்டியன்று காலையில் பூசவே கூடாது. மேற்பரப்பு கால் மணித்தியாலத்தில் காய்ந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே இறுகப் பல மணித்தியாலங்கள் எடுக்கும். முதல் நாள் பின்னேரம், நிறமற்ற அடிப்பூச்சு ஒன்று, அதன் மேல் மெல்லியதாக இரண்டு தடவை. நகத்தின் நுனி விளிம்பிலும் தூரிகையை ஒருமுறை இழுத்துவிட்டால் உரிவது குறையும். அடிப்பூச்சைத் தவறவிட்டால் கடும் நிறங்கள் நகத்தில் மஞ்சள் கறையை விட்டுவிடும்.

இந்தப் போத்தலுக்குள் இருப்பதன் பின்னணி செல்லடிக்குள் வளர்ந்த எங்கள் தலைமுறைக்கு வேடிக்கையாக இருக்கும். நகப்பூச்சின் படலத்தை உண்டாக்குவது நைத்திரோசெலுலோஸ், அதாவது அமிலத்தில் பதப்படுத்திய பஞ்சு. அதையே கொஞ்சம் கடுமையாகப் பதப்படுத்தினால் துப்பாக்கி ரவைக்குள் போகும் புகையில்லா வெடிமருந்து. போத்தலுக்குள் இருப்பது வெடிக்காது, பயப்பட வேண்டாம். ஆனால் அதைக் கரைத்து வைத்திருக்கும் திரவங்களின் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும். குப்பி விளக்கு, அடுப்பு, எரிகிற நுளம்புச் சுருள் ஆகியவற்றுக்குப் பக்கத்தில் இருந்து பூசாதீர்கள். யன்னலைத் திறந்து வையுங்கள். பெயரில்லாத மலிவுப் போத்தல்களைத் தவிருங்கள். ஐரோப்பிய ஒன்றியம் அழகுசாதனப் பொருட்களில் தடைசெய்த டைபியூட்டைல் தலேற் போன்றவை அவற்றில் இருக்கின்றனவா என்று பார்க்க லேபிள்கூட இருக்காது.

விளையாட்டு விதி நிறத்தைக் கேட்காவிட்டாலும் மைதானத்தைச் சுற்றி நிற்பவர்கள் கேட்பார்கள். அது எங்கள் ஊர் வழக்கம் மட்டுமல்ல. 2013 இல் மொஸ்கோவில் நடந்த உலக மெய்வல்லுநர் போட்டியில் சுவீடனின் உயரம் பாய்தல் வீராங்கனை எம்மா கிரீன் திரேகாரோ நகங்களுக்கு வானவில் நிறங்களைப் பூசி வந்தார். ரஷ்யா அந்த வருடம் கொண்டுவந்த, ஒருபாலீர்ப்பினருக்கு எதிரான சட்டத்துக்கு அது ஒரு மறுப்பு. போட்டி விதியை அது மீறலாம் என்று அறிவுறுத்தப்பட்டதும் இறுதிப் போட்டிக்குச் சிவப்பு பூசிக்கொண்டு வந்தார். பத்து நகங்களைப் பார்த்து ஒரு சர்வதேச அமைப்பே கலவரப்பட்டது.

எங்களுக்கு அந்தச் சிவப்பே சில நேரம் கரைச்சல். பாடசாலை இல்லங்களுக்குச் சிவப்பும் மஞ்சளும் வழமையான நிறங்கள். தங்கள் இல்லத்து நிறத்தை நகத்தில் பூசிக்கொள்ளப் பிள்ளைகளுக்கு ஆசை. ஆனால் 2024 இல் தெல்லிப்பழை யூனியன் கல்லூரியின் இல்ல விளையாட்டுப் போட்டியில் கார்த்திகைப்பூ வடிவில் அமைந்த அலங்காரத்துக்காகப் பொலிஸார் விசாரணைக்கு வந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. வேலணையில் சாட்டி துயிலுமில்லம் இருக்கிறது. ஒவ்வொரு கார்த்திகையிலும் சிவப்பு, மஞ்சள் கொடிகளை யார் கட்டினார்கள் என்ற கேள்வியோடு வாழ்ந்து பழகிய ஊர் இது. சிவப்பும் மஞ்சளும் மாறிமாறிப் பூசப்பட்ட ஒரு கையைப் பார்த்ததும் ஒரு தாய்க்கு நெஞ்சு திக்கென்றால் அவரைக் குறை சொல்ல என்னால் முடியாது. எங்கள் ஒழுங்கையில் போரில் கணவனை இழந்த ஒரு அம்மா இருக்கிறார். மகளின் நகங்களுக்கு அவரே பூசிவிடுவார், தன் விரலில் ஒரு துளி பட்டாலும் உடனே துடைத்துவிடுவார். அவருக்கு வருகிற ஏச்சு வேறு வகை.

நான் படித்த பாடசாலையில் அணிநடைக்கு முன்னர் ஒரு ஆசிரியை என் நகங்களை பிளேட்டால் சுரண்டினார். காரணம் சொல்லவில்லை. இன்று ஒரு பிள்ளைக்கு 'வேண்டாம்' சொல்ல நேர்ந்தால் காரணத்தையும் சொல்லுங்கள். பொலிஸுக்குப் பயம் என்றால் பயம் என்றே சொல்லலாம். சனம் என்ன சொல்லும் என்றால் அதையும் சொல்லலாம். அந்த நிறம் உனக்கு வடிவில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதை அவள் நம்பிவிடுவாள். மற்றபடி சிவப்பு இல்லத்துப் பிள்ளைக்குச் சிவப்புத்தான் வேண்டுமென்றால், கட்டையாக வெட்டிய நகத்தில் செங்கல் நிறமோ மாதுளம்பழ நிறமோ பூசிப் பார்க்கச் சொல்லுவேன். மைதானத்தில் கண்ணை உறுத்தாது, இல்ல நிறமும் விட்டுப்போகாது.

போட்டி முடிந்த பிறகு பிளேட்டால் சுரண்டுவதோ பல்லால் உரிப்பதோ வேண்டாம். நகத்தின் மேற்படையும் சேர்ந்து கழன்றுவிடும். அசிற்றோன் நனைத்த பஞ்சை ஒவ்வொரு நகத்திலும் அரை நிமிடம் அழுத்தி வைத்து ஒரே இழுப்பில் துடையுங்கள். நகமும் தோலும் வரண்டுபோகும் என்பதால் பிறகு கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவுங்கள். கறை பிடித்திருந்தால் எலுமிச்சம்பழத்தைத் தேய்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம். விரல் நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீற்றர் வளரும். கறை முழுவதும் வெட்டுப்பட்டுப் போக ஆறு மாதமளவில் ஆகும்.