ஆலயச் சுவரின் வெண்சாந்து

ஜூபிலி மலரில் பங்குத் தந்தையர் வரிசையும் உபகாரிகளின் பெயர்களும் இடம்பெறுவது வழக்கம். இம்முறை ஆலயச் சுவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கியுள்ளோம். ஜூபிலிப் பணிகளுள் சுவரைப் பழுதுபார்ப்பதும் ஒன்றாதலால், பழைய பூச்சு எவ்விதம் உருவாயிற்று என்பதைப் பங்கு மக்கள் அறிந்திருப்பது நலம்.

1824-இல் இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் சிமெண்டுக்கு உரிமம் பெறுவதற்கு வெகு காலம் முன்பே, நமது கடற்கரைக் கொத்தனார்கள் சலவைக்கல்லை ஒத்த வெண்சாந்து பூசி வந்தனர். 'மெட்ராஸ் சுனாம்' என்று வெள்ளையர் வியந்தது இதனையே. செயின்ட் ஹெலினா தீவின் ஆளுநரான ஐசக் பைக் எழுதிய செய்முறை, 1732-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஏட்டில் வெளிவந்தது. மணல் 15 புஷல், சுண்ணாம்பு 15 புஷல். நீர் தெளித்து இரண்டு மூன்று நாள் கிடக்கவிட்டு, 20 ராத்தல் வெல்லம் கரைத்த நீரைத் தெளித்து இடிக்க வேண்டும். பயற்றையும் கடுக்காயையும் வேகவைத்து வடித்த சாறும் இதில் சேரும். மேற்பூச்சுக்கோ முட்டை வெண்கரு, தயிர், நெய்! ஒரு கல்யாணப் பந்திக்கு எழுதிய சாமான் பட்டியல் என்றே எண்ணத் தோன்றும்.

இவை ஆடம்பரத்துக்குச் சேர்த்தவை அல்ல. சாந்து கரணைக்கு வழுக்கிக் கொடுக்காவிட்டால் தண்ணீர் ஊற்றி இளக்குவது சுலபம். ஆனால் அந்தத் தண்ணீர் வற்றும்போது பூச்சு சுருங்கும், மயிரிழை வெடிப்பு ஓடும், தடவிய கையில் மாவாக ஒட்டும். வெல்லச் சாறு குறைந்த ஈரத்திலேயே சாந்தை இளகச் செய்கிறது. அளவு மிஞ்சினால் இறுகத் தாமதமாகும். வெண்கரு பசையாகிறது. நெய்யின் கொழுப்பு மழை ஈரத்தை ஒட்டவிடாது. மீதி இளக்கமெல்லாம் அரைவையில் வருவது: கிளிஞ்சல் சுண்ணாம்பை வெண்ணெய்ப் பதம் வரும்வரை அரைக்க வேண்டும். அடிப்பூச்சில் மணல் மிகுதி, மேலே போகப் போகக் குறைவு. கடைசிப் பூச்சு மெல்லியது. அது உலருமுன் வழவழப்பான கல்லால் தேய்த்து, சுவர் வியர்க்க வியர்க்கத் துணியால் ஒற்றி எடுப்பார்கள். நாள் கூலிக்கு அவசரப்பட்டால் நடவாத வேலை.

புதுச்சேரியில் கப்ஸ் கோயில் என வழங்கும் சம்மனசுகளின் மாதா ஆலயம் 1855-இல் கட்டி முடிக்கப்பட்டது. வெண்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சுக்கு அது பெயர் பெற்றது. அங்கே திருயாத்திரை செல்வோர் சுவரையும் சற்று உற்று நோக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

பழைய சுண்ணாம்புச் சுவருக்கு மேல் சிமெண்ட் பூசுவதே இக்காலத்தில் வழக்கமாகிவிட்டது. செலவு குறைவு, வேலை விரைவு, மறுப்பதற்கில்லை. ஆயினும் சுண்ணாம்புப் பூச்சு தரை ஈரத்தை வெளியே ஆவியாக விடும்; சிமெண்ட் அதனை உள்ளே அடைக்கும். அடைபட்ட ஈரம் உப்பைச் சுமந்து செங்கல்லை அரிக்க, சில ஆண்டுகளில் பூச்சு பாளம் பாளமாகக் கழன்று விழும். அதனோடு பழைய சாந்தும் போய்விடும். ஆகவே சுவர் வேலைக்கு மதிப்பீடு வாங்கும்போது சதுர அடிக்கு என்ன விலை என்பதோடு நில்லாமல், எந்தச் சுண்ணாம்பு, எத்தனை நாள் ஊறியது, எதைக் கொண்டு இளக்கப் போகிறார்கள் என்பதையும் பங்குப் பேரவை கேட்டறிய வேண்டுகிறோம்.