தடையாணையும் தெருவின் உரிமையும்

கூட்டத்திற்கும் ஊர்வலத்திற்கும் அரசு தடை விதித்தால் நீதிமன்றத்தை நாடுவது இன்று வழக்கமாகிவிட்டது. அவ்வழக்கத்தின் வேர்களுள் ஒன்று நம் தமிழகத்திலேயே, அதுவும் ஒரு பள்ளிவாசலையொட்டிய பூசலில் இருப்பதைப் பலர் அறியார்.

சேலத்தில் பள்ளிவாசல் வழியே மேளதாளத்துடன் இந்துக்களின் ஊர்வலம் செல்லலாமா என்ற தகராறு 1882இல் பெருங்கலவரமாக வெடித்தது. அத்தகராறுகளிலிருந்து எழுந்த சுந்தரம் செட்டி வழக்கு 1883இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் முழு அமர்வில் விசாரிக்கப்பட்டது. பொதுப்பாதை எல்லாச் சமயத்தாருக்கும் உரியது. சட்டப்படியான உரிமையைக் காப்பதே அதிகாரியின் முதற்கடமை. வேறு வழியில் அமைதி காக்க இயலாதபோதுதான் அவ்வுரிமையை நிறுத்தி வைக்கலாம் என்பதே தலைமை நீதிபதி டர்னர் காலத்து அத்தீர்ப்பின் சாரம். அன்றைய சேலத்து முஸ்லிம்களுக்கு இது கசந்திருக்கும். ஆனால் அண்டை வீட்டாருக்குக் கிடைத்த உரிமை பின்னர் நமக்கும் அரணாயிற்று. வடநாட்டில் ஷியாக்களின் முஹர்ரம் ஊர்வலம் குறித்த வழக்கில், லண்டன் பிரிவி கவுன்சில் ஊர்வல உரிமையை உறுதி செய்தபோது சென்னைத் தீர்ப்புகளையே துணைக்கொண்டது.

சுதந்திர இந்தியாவில் கேள்வி அரசியல் கூட்டங்களுக்கு நகர்ந்தது. 1969இல் மாணவர் வேலைநிறுத்தத்தையொட்டி அகமதாபாத் பாஞ்ச் குவா தர்வாஜா அருகே கூட்டம் நடத்த ஹிம்மத்லால் ஷா அனுமதி கேட்டார். போலீஸ் கமிஷனர் மறுத்தார். குஜராத் உயர்நீதிமன்றம் மறுப்பை ஏற்றது. உச்சநீதிமன்றத்தின் ஐவர் அமர்வோ 1972இல் அந்தப் போலீஸ் விதியையே செல்லாததாக்கியது. கூட்டங்களை ஒழுங்குபடுத்தலாம், ஆனால் எவ்வித வரையறையுமின்றி அனுமதியை அதிகாரியின் விருப்பத்திற்கு விட்டுவிடலாகாது என்றது. பிரிவி கவுன்சில் தீர்ப்பும் அங்கே எடுத்தாளப்பட்டது.

குடியுரிமைத் திருத்தச் சட்டப் போராட்டத்தின்போது, 2019 டிசம்பரில் பெங்களூருவில் பிறப்பிக்கப்பட்ட 144 தடையுத்தரவைக் கர்நாடக உயர்நீதிமன்றம் 2020 பிப்ரவரியில் சட்டவிரோதமெனக் கூறியது. அதற்குள் தடைநாட்கள் கடந்துவிட்டன! தாமதமான நீதி என்றே எனக்குத் தோன்றுகிறது. அதே ஆண்டு அக்டோபரில், ஷாஹீன்பாக் வழக்கில், பொதுச்சாலையைக் காலவரையின்றி மறிக்க உரிமையில்லை என்று உச்சநீதிமன்றம் கூறியதையும் நாம் மறைத்துப் பேசலாகாது.

144ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் புதிய நடைமுறைச் சட்டத்தின் 163ஆம் பிரிவாகியுள்ளது. நமது பொன்னேரியில் இத்தகைய தடை வந்தால், அது எழுத்தில் இருக்கவேண்டும். காரணமான சங்கதிகள் அதில் கூறப்பட்டிருக்கவேண்டும். மாநில அரசு நீட்டித்தாலன்றி இரண்டு மாதங்களுக்கு மேல் அது செல்லாது. அவ்வுத்தரவின் நகலோடுதான் வழக்கறிஞரைக் காணவேண்டும்.