அரிவாள் காத்த பூக்கள்

சுவிண்டன் நகருக்கு அருகே கிரிக்லேட் என்றொரு சிற்றூர் உண்டு. தேம்ஸ் நதி அங்கே சிறு ஓடையாகவே இருக்கிறது. அதன் கரையிலுள்ள 'நோர்த் மெடோ' என்னும் புல்வெளியைச் சித்திரை மாதத்தில் கண்ட அன்பர்கள் எம்மிடையே சிலர் இருக்கக்கூடும். கட்டம் போட்ட ஊதாநிற மணிகள் போல ஆயிரமாயிரம் பூக்கள் தலைகவிழ்ந்து நிற்கும். பாம்புத்தலைப் பூ என்பது அதன் ஆங்கிலப் பெயரின் பொருள். இந்நாட்டில் இயற்கையாக வளரும் இச்செடிகளில் மிகப் பெரும் பகுதி இந்த ஓரிடத்திற்றான் உள்ளது.

இவற்றை எவரும் தோட்டமாக நட்டு வளர்க்கவில்லை. கைபடாமல் விட்டதனால் தழைத்தவையும் அல்ல. பூக்கள் விதை சிந்திய பிறகு, யூலை மாதத்தில் புல்லை அரிந்து, காயவைத்து, கால்நடைகளுக்கு எடுத்துச் செல்வார்கள். ஆகஸ்ட் 12 முதல் பெப்ரவரி 12 வரை ஊரவர் மேய்ச்சல் உரிமை. 1752இல் பிரித்தானியா நாட்காட்டியை மாற்றி 11 நாட்களை நீக்கியபோதும், இப்புல்வெளி பழைய கணக்கையே விடவில்லை. வாக்கியமா, திருக்கணிதமா என்று வாதிடும் எமக்கு இது விநோதமாகத் தோன்றாது!

ஆண்டுதோறும் புல்லை அரிந்து அகற்றுவதால் மண்ணின் கொழுப்புக் குறையும். மெலிந்த மண்ணிலேதான் பூச்செடிகள் புல்லோடு போட்டியிட்டு வாழும். எரு இட்டால் விளையும் என்று கேட்டு வளர்ந்த எமக்கு இதை நம்புவது கடினந்தான். ஆனால் ஹார்ப்பெண்டனுக்கு அருகிலுள்ள ரொதாம்ஸ்டெட்டில், லோஸ், கில்பர்ட் என்னும் இருவர் 1856இல் ஒரு பழைய புல்வெளியைப் பாத்திகளாகப் பிரித்து வெவ்வேறு உரங்களை இட்டனர். புல் விளைச்சலை அறிவதே அவர்களது நோக்கம். சில ஆண்டுகளுக்குள் பாத்திக்குப் பாத்தி செடிகள் வேறுபடக் கண்டனர். உரமிடாத பாத்தியில் இன்றும் ஏறத்தாழ 40 வகைச் செடிகள். நைதரசன் மிகுதியாக இட்டுப் புளித்துப்போன பாத்தியில் இரண்டு மூன்று வகைப் புற்கள் மட்டுமே.

இந்தப் பாடம் கைவசம் இருந்தும், பசியின் முன் அது எடுபடவில்லை. 1939இல் யுத்தம் மூண்டபோது உணவுக் கப்பல்கள் கடலில் மூழ்கடிக்கப்பட்டன. பழைய புல்நிலத்தை உழுதால் ஏக்கருக்கு 2 பவுண் என அரசாங்கம் கொடுத்தது. அதைக் குறைகூற எமக்கு மனம் வரவில்லை. யுத்தம் முடிந்தும் ஏர் நிற்கவில்லை என்பதே வருத்தம். உரமும், பூக்குமுன்பே அறுத்துப் பதப்படுத்தும் சைலேஜ் முறையும் எஞ்சியவற்றை விழுங்கின. 1930களில் இங்கிலாந்திலும் வேல்சிலும் தாழ்நிலத்தில் இருந்த இத்தகைய புல்வெளிகளில், 1984க்குள் 97 விழுக்காடு அழிந்துவிட்டது. கிரிக்லேட் தப்பியதற்கு, பலருடைய உரிமை பின்னிக் கிடந்த நிலத்தை ஒருவர் நினைத்தவுடன் உழமுடியாது என்பதும் ஒரு காரணம் என்றே கருதுகிறேன்.

ரொதாம்ஸ்டெட்டில் 1989இல் சில பாத்திகளுக்கு நைதரசனை நிறுத்தினார்கள். பூச்செடிகள் மெல்லத் திரும்பின. பக்கத்துப் பாத்திகளில் தாய்ச்செடிகள் இருந்தன. சுற்றிலும் உழுதுவிட்ட பண்ணைக்கு அந்த வசதி இல்லை. ஆகவே 2013இல் தொடங்கிய முடிசூட்டுப் புல்வெளித் திட்டத்தில், பழைய புல்வெளியில் அரிந்த பச்சைப் புல்லை விதையோடு கொண்டுவந்து புதிய நிலத்தில் பரப்பினார்கள்.

இதில் 'எல்லோ ராட்டில்' என்ற சிறு மஞ்சட்பூச் செடிக்குத் தனியிடம் உண்டு. அது புல்லின் வேரைப் பற்றி உறிஞ்சிப் புல்லை மெலியச் செய்து, மற்றப் பூக்களுக்கு வழிவிடும். குளிர் படாமல் அதன் விதை முளைக்காது. இலையுதிர் காலத்திலேயே தூவவேண்டும். காய் உலர்ந்ததும் கிலுகிலுப்பை போல ஒலிக்கும். அந்த ஒலியைக் கேட்டபின்பே அக்காலத்து உழவர் அரிவாளைத் தீட்டுவார்களாம்.