ரெக்கார்டிங் சென்டர் பட்டியல்கள்

தமிழ்நாட்டு இசை வரலாறு எழுதுறவங்க சபாவை விடமாட்டார்கள், சினிமாவை விடமாட்டார்கள். ரெக்கார்டிங் சென்டரைத்தான் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிறார்கள். 1980களில் எங்கள் திருவண்ணாமலை மாதிரி ஊர்களில் இசை ரசிகர்களின் பேச்சு நடந்தது அங்கேதான். பாட்டுகளை எழுதிக் கொடுத்தால் எல்பி தட்டிலிருந்து கேசட்டில் பதிந்து தருவார்கள். (காப்புரிமைச் சட்டப்படி திருட்டுதான்!) 60 நிமிட கேசட்டில் பக்கத்துக்கு ஆறேழு பாட்டுதான் பிடிக்கும். ஒன்றைச் சேர்க்கணும்னா இன்னொன்றை அடிக்கணும். எதை அடிப்பது என்பதில்தான் வாக்குவாதமே.

1986இல் இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' வந்தது. சினிமா இல்லை, பாட்டு வரிகள் இல்லை, வி.எஸ். நரசிம்மனின் வயலின். தியாகராஜருக்கும் பாஹுக்கும் சமர்ப்பணம். இதில் எதைப் பொறுக்குவது? முழுசாகத்தான் கேட்கணும். ஆல்பம் என்ற பழக்கம் சினிமாப்பாட்டு ரசிகர்களுக்கு வந்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் கணிப்பு. பிறகு அவரே ரமணர்மேல் 'ரமண மாலை' செய்தபோது, ரமணாசிரமம் இருக்கிற இந்த ஊருக்கு அது சொந்தச் சரக்கு மாதிரி.

கேசட் நாடா பூஞ்சை பிடித்துப்போகும். பட்டியல் எழுதிய அட்டை நிற்கும். வீட்டுப் பரணில் இருந்தால் தூக்கிப் போடாதீங்க, ஒரு போட்டோவாவது எடுத்து வைங்க.