கைவழி வந்த செல்வம்

நிலமும் பொன்னும் தந்தையிடமிருந்து மைந்தனுக்குச் சாசனத்தின் வழியாகச் சேரும். ஒரு கலையின்மீது கொண்ட காதலோ எந்தச் சாசனத்தினாலும் சேர்வதன்று. மூத்தோர் கைப்பிடித்துக் கற்பிக்க, இளையோர் உடனிருந்து பழகுவதனாலேயே அது நிலைபெறும். இதற்குச் சான்றாக, அமெரிக்காவில் ரோட் தீவு மாகாணத்தைச் சேர்ந்த பிரிஸ்டல் என்னும் துறைமுக ஊரில் வாழ்ந்த ஹெரஷாப் குடும்பத்தாரின் சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கி உரைப்போம்.

இக்குடும்பத்துத் தலைவர் சார்லஸ் பிரெடரிக் என்பார் நரகான்செட் விரிகுடாவின் கரையில் வாழ்ந்தவர். பாய் விரித்துச் சிறு படகு செலுத்துவதில் தணியாத வேட்கை உடையவர். தாமே படகுகளை அமைத்து, அவற்றிற்குத் தம் மனைவியாரின் பெயராகிய ஜூலியா என்பதனையே இட்டு மகிழ்ந்தார். தம் மக்களையும் இளமையிலேயே படகேற்றிப் பழக்கினார்.

அம்மக்களுள் ஒருவராகிய ஜான் பிரவுன், 1841-இல் பிறந்தவர். பதினைந்து வயதளவில் இரு கண்களும் பார்வை இழந்தார். பிறர் எவரேனும் அத்துடன் தோணியையும் உளியையும் துறந்திருப்பர். அவரோ துறந்திலர். மரத்தைத் தடவியே அதன் வளைவும் நேர்மையும் அறிந்து படகுகளைக் கட்டலானார். 1848-இல் பிறந்த அவருடைய தம்பி நதானியல், நீர்மேற் செல்லும்பொழுது அண்ணனுக்குக் கண்ணாக அமர்ந்து, காற்றும் அலையும் வரும் திசையை உரைத்து வந்தார். கடலைக் கூர்ந்து நோக்கும் பழக்கம் அவருக்கு இத்தொண்டினாலேயே வளர்ந்தது.

நதானியல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இயந்திரக் கலை பயின்று, நீராவி யந்திரசாலை ஒன்றிற் சில ஆண்டுகள் பணியாற்றினார். 1878-இல் சகோதரர் இருவரும் கூட்டாகப் படகுத் தொழிற்சாலை நிறுவினர். தம்பி மரத்துண்டில் படகின் அரைவடிவ மாதிரியைச் செதுக்குவார். அண்ணன் அதனை விரலால் தடவிக் குணமும் குற்றமும் ஆராய்வார். காகிதம் காணாமலே விலைக்கணக்கையும் மனத்திற் போடுவார்.

இவ்விடத்தில் நமக்கு உவப்பான செய்தி ஒன்றுண்டு. நதானியல் 1876-இல் இரண்டு ஒடுங்கிய உடல்களை இணைத்து அமரிலிஸ் என்னும் விரைவுப் படகை அமைத்தார். அவ்வாண்டு நியூயார்க்கில் நடந்த பந்தயத்தில் அது முந்தி வந்தது. தோற்றவர் முறையிட்டதனாற் பரிசு மறுக்கப்பட்டது. இத்தகைய இரட்டைப் படகுகளுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர், நம் கட்டுமரம் என்னும் தமிழ்ச் சொல்லின் திரிபேயாம். நம் கட்டுமரம் மரங்களைப் பிணைத்தது. அதன் அமைப்பு வேறு. ஆயினும், சோழமண்டலக் கரையின் சொல் அவ்வளவு தொலைவு சென்றது வியக்கத்தக்கதன்றோ!

அமெரிக்கக் கோப்பை என்னும் புகழ்பெற்ற கடற்பந்தயத்தில், 1893 முதல் 1920 வரை நதானியல் வகுத்த ஐந்து கப்பல்கள் ஆறு முறை வென்றன. அவற்றுள் 1903-இல் வென்ற ரிலையன்ஸ் என்பதன் பாய்ப்பரப்பு 16,000 சதுர அடிக்கு மேற்பட்டது. அத்துணைப் பெருங்கப்பல் வகுத்த அவரே 1914-இல், பஸர்ட்ஸ் விரிகுடாவில் சிறுவர் பயில்வதற்கென்று, பதினாறு அடிக்கு உட்பட்ட சிறு படகொன்றையும் வகுத்தார். கடுங்காற்றிலும் எளிதிற் கவிழாவண்ணம் அதன் அடியில் ஈயப்பாரம் அமைத்தார். பெருங்கப்பல் ரிலையன்ஸ் சில மாதங்களே ஓடி, பின்னர் உடைக்கப்பட்டது. அச்சிறு படகின் வடிவமோ நூறாண்டு கடந்து இன்றும் கட்டப்பட்டு, குழந்தைகளைச் சுமந்து செல்கின்றது.

ஜான் 1915-இல் மறைந்தபின் தொழிற்சாலை பிறர் கைக்கு மாறிற்று. நதானியல் 1938-இற் காலமானார். 1940-களின் இடையில் தொழிற்சாலையும் மூடப்பட்டது. ஆயினும் மரபு அறவில்லை. நதானியலின் மகன் பிரான்சிஸ் (1890–1972), எளியோரும் தம் கையாற் கட்டிக்கொள்ளத்தக்க படகுகளை வகுத்துப் பத்திரிகைகளில் விளக்கி எழுதினார். 1971-இல் பிரிஸ்டலிற் காட்சிச்சாலையும் நிறுவப்பட்டது.

சொத்து கைமாறிய பின்னும் நின்றது எது? தந்தை மகனுடன் படகிலேறியதும், கண்ணிழந்த அண்ணனருகே தம்பி அமர்ந்ததுமாகிய அப்பழக்கமே. நாம் அறிந்த கலை எதுவாயினும், அதனைப் புகழ்ந்து பேசுவதனால் நம் மக்கள் கற்கமாட்டார்கள். பிழை செய்யினும் பொறுத்து, அவர்கள் கையிற் சுக்கானைக் கொடுத்து, அருகிருந்து பழக்குவோமாக.